தெரு வடிகாலுக்குப் பணம் வரும் வழி: அரசு பட்ஜெட்டை வடசென்னையிலிருந்து புரிந்துகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

“பட்ஜெட்ல போட்டாச்சுன்னு சொன்னியே தம்பி, எங்க, ஒரு லோடு ஜல்லிகூட வந்து எறங்கல?”

புது வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருமுனையில் இட்லிக் கடை போடும் அக்கா கேட்டது இது. மார்ச்சில் பேப்பரில் வந்த வடிகால் செய்தியை அவருக்குப் படித்துக் காட்டியவன் நான்தான். அவர் கேட்டது மே மாதத்தில். செய்தி பொய்யில்லை. ஆனால் அந்த அறிவிப்புக்கும் ஒரு லோடு ஜல்லிக்கும் நடுவே எத்தனை மேசைகள் இருக்கின்றன என்று அன்று எனக்குத் தெரியாது. பதில் சொல்ல முடியவில்லை.

அப்புறம் எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் நாலு பேர் உட்கார்ந்து பட்ஜெட் புத்தகங்களைப் படித்தோம். அலுவலகம் அலுவலகமாகப் போய்க் கேட்டோம். தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். அறிவிப்பு, ஒதுக்கீடு, அனுமதி, செலவு என்பவை நான்கு தனித்தனி நிகழ்வுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம் உண்டு, ஒரு மேசை உண்டு. அந்த மாதத்தில் அந்த மேசைக்குப் போகிறவர்களின் தெருவுக்குத்தான் வேலை வருகிறது.

படி 1: அது யாருடைய பணப்பை என்று கண்டுபிடியுங்கள்

அரசாங்கம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் நம் வாசலில் நிற்கும் தண்ணீருக்கே நாலைந்து பணப்பைகள் பொறுப்பு.

மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. அதே தெருவில் பத்தடி தள்ளி இருக்கும் பாதாளச் சாக்கடை, நாம் மெட்ரோ வாட்டர் என்று சொல்லும் சென்னைக் குடிநீர் வாரியத்துடையது. அந்த வாரியம் 1978-இல் தனிச் சட்டத்தில் உருவானது. அதற்குத் தனிக் கணக்கு, தனி வருமானம். வடிகால் போய்ச் சேரும் பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலை ஆறும் மாநில நீர்வளத் துறையிடம் இருக்கின்றன. பெரிய சாலைகளில் சில மாநகராட்சியின் பேருந்து சாலைத் துறையிடம், சில நெடுஞ்சாலைத் துறையிடம். துறைமுகத்தை ஒட்டிய சாலையென்றால் கேள்வி ஒன்றிய அரசின் பக்கம் போகும். வாரியக் குடியிருப்புக்குள் குழாய் உடைந்தால், 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021-இல் பெயர் மாறிய நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்திடம்தான் கேட்க வேண்டும்.

இது தெரியாமல் மனு எழுதினால், “இது எங்க லிமிட் இல்ல” என்ற ஒரு வரியோடு அது திரும்பி வரும். எங்கள் மனுக்கள் அப்படித் திரும்பியிருக்கின்றன. ஆகவே முதல் வேலை, மேன்ஹோல் மூடியைப் பார்ப்பது. வட்ட மூடி பெரும்பாலும் கழிவுநீர். ஓரமாகச் செவ்வகப் பலகை போட்டு மூடியிருந்தால் பெரும்பாலும் மழைநீர் வடிகால். சந்தேகமாக இருந்தால் மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு ஒரு புகார் பதிவு செய்யுங்கள். அது எந்தத் துறைக்குப் போகிறது என்பதே உங்களுக்குப் பாதி பதில்.

பெரிய திட்டங்களில் பல பணப்பைகள் ஒன்றாகத் திறக்கும். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 9.05 கிலோமீட்டருக்கு மெட்ரோ வந்தது 2021 பிப்ரவரியில்; 3,770 கோடி ரூபாய்த் திட்டம். அதை நடத்தும் நிறுவனத்தில் ஒன்றிய அரசும் மாநில அரசும் பாதிப் பாதி. திருவொற்றியூர், மணலி, மாதவரம் பக்கம் போடப்படும் கொசஸ்தலை வடிநில மழைநீர் வடிகால் 769 கிலோமீட்டர், மதிப்பு 3,220 கோடி. அதற்கு ஆசிய வளர்ச்சி வங்கி 25.1 கோடி டாலர் கடன் கொடுக்கிறது. கடன் பணம் என்றால் கடன் கொடுத்தவரின் நிபந்தனைகளும் கூடவே வரும்: வீட்டை, கடையை அகற்ற வேண்டியிருந்தால் என்ன செய்ய வேண்டும், புகாரை எப்படி வாங்க வேண்டும் என்பதெல்லாம் எழுதி வைக்கப்பட்டிருக்கும். உங்கள் தெருவில் வேலை நடக்கும்போது இந்த விவரம் கையில் இருப்பது நல்லது.

படி 2: காலண்டரைத் தெரிந்துகொள்ளுங்கள்

நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்கி மார்ச் 31-இல் முடிகிறது. ஒன்றிய அரசின் பட்ஜெட் 2017 முதல் பிப்ரவரி 1-இல் வருகிறது. தமிழ்நாட்டின் நிதிநிலை அறிக்கை பெரும்பாலும் பிப்ரவரி அல்லது மார்ச்சில். 2021 முதல் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கையும் உண்டு. அதை ஒட்டி மாநகராட்சி பட்ஜெட். தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது இந்த நாட்களைத்தான். பட்ஜெட் தயாராவது இந்த நாட்களில் இல்லை.

மாநிலத்தில் நடப்பது இப்படி. மழைக்காலம் தொடங்கும் முன்பே நிதித் துறை எல்லாத் துறைகளுக்கும் சுற்றறிக்கை அனுப்புகிறது: அடுத்த ஆண்டுக்கு எவ்வளவு வேண்டும், எத்தனை பணியிடம், என்ன புதுத் திட்டம் என்று கேட்டு. சம்பளம், ஓய்வூதியம், நடந்துகொண்டிருக்கும் திட்டங்கள் ஒரு பக்கம். புதுசாகக் கேட்பவை தனிப் பட்டியல். துறைகள் அனுப்பியதை நிதித் துறை வரி வரியாக வெட்டிக் குறைக்கும். செயலாளர்கள் நேரில் வந்து வாதாடுவார்கள். டிசம்பர், ஜனவரிக்குள் பெரும்பகுதி முடிவாகிவிடும். மிச்சம் இருப்பது அமைச்சரவை மட்டத்தில் தீர்மானமாகும் பெரிய அறிவிப்புகள்.

மாநகராட்சியிலும் இதே ஓட்டம்தான், அளவு மட்டும் சின்னது. வார்டில் உதவிப் பொறியாளர் வேலைகளைப் பட்டியல் போடுகிறார், மண்டலத்தில் செயற்பொறியாளர் சேர்க்கிறார், மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் துறைவாரியாகக் கூட்டுகிறார்கள்.

நாங்கள் மூன்று வருடம் தொடர்ந்து ஏப்ரலில் மனு கொடுத்தோம். புது வருடம், புதுப் பணம் என்பது எங்கள் கணக்கு. ஒவ்வொரு முறையும் முத்திரை குத்திய ரசீது கிடைத்தது, வேறொன்றும் கிடைக்கவில்லை. ஓர் அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். அவர்தான் சொன்னார்: “பந்தி முடிஞ்சு இலை எடுத்தப்புறம் வந்து உக்கார்றீங்களே சார். ஐப்பசி, கார்த்திகையில போய்க் குடுங்க. அப்பதான் அவங்க கையில லிஸ்ட்டு எழுதுற பேனா இருக்கும்.”

அந்த வருடம் அக்டோபர் கடைசியில் போனோம். தண்ணீர் நிற்கும் இடங்களைச் சிவப்பு மையில் குறித்த தெரு வரைபடம், போன மழையில் தேதியோடு எடுத்த படங்கள், தோராயமாக எத்தனை மீட்டர் வடிகால் வேண்டும் என்ற கணக்கு, அவ்வளவுதான் கொண்டுபோனது. உதவிப் பொறியாளர் வரைபடத்தை வாங்கி நேராகத் தன் கோப்பில் செருகிக்கொண்டார். முன்பு கொடுத்த மூன்று மனுவுக்கும் நடக்காத காரியம் அது.

படி 3: பணம் எங்கிருந்து வருகிறது

மாநகராட்சிக்குச் சொந்த வருமானம் சொத்து வரி, தொழில் வரி, கட்டணங்கள், வாடகை. சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. இது போக, பத்திரப் பதிவில் கிடைக்கும் தொகையில் ஒரு பங்கு மாநிலத்திடமிருந்து வருகிறது. மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் நிகரமாக 10 விழுக்காடு உள்ளாட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. உள்ளாட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் கொடுத்து, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை இந்த ஆணையத்தை அமைக்கச் சொன்னவை 1993-இல் நடைமுறைக்கு வந்த 73, 74-ஆவது திருத்தங்கள். நகரங்களுக்கானது 74-ஆவது.

மாநிலத்துக்கு வணிக வரி, பத்திரப் பதிவு, வாகன வரி, ஆயத்தீர்வை என்று சொந்த வரவு. ஒன்றிய அரசு வசூலிக்கும் வரிகளில் பங்கும் உண்டு. 15-ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்குச் சொன்னது: பகிரத்தக்க வரியில் 41 விழுக்காடு மாநிலங்களுக்கு, அந்த 41-ஐ 100 ஆக வைத்தால் அதில் தமிழ்நாட்டுக்கு 4.079. செஸ் (ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று வரிமேல் போடும் வரி), கூடுதல் வரி என்று வசூலாகும் தொகை இந்தப் பங்கீட்டுக்குள் வராது. நிதி கேட்டு மாநிலங்கள் எழுப்பும் குரலில் பாதி இந்த ஒரு விதியைப் பற்றியது. அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

சரி, பற்றாக்குறை என்றால் என்ன? இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்த்தால் போதும். அன்றாட வரவைவிட அன்றாடச் செலவு கூடினால் அது வருவாய்ப் பற்றாக்குறை. வீட்டு மளிகைக்குக் கைமாற்று வாங்குவது போல. எல்லாச் செலவுக்குமாகச் சேர்த்து அந்த ஆண்டு கடன் வாங்க வேண்டிய தொகை நிதிப் பற்றாக்குறை. வீட்டுக் கணக்கில் சொன்னால், அதில் வீடு கட்ட வாங்கிய கடனும் அடக்கம். தமிழ்நாட்டின் 2025-26 நிதிநிலை அறிக்கையில் வருவாய் வரவு 3,31,569 கோடி, வருவாய்ச் செலவு 3,73,204 கோடி. இடைவெளி 41,635 கோடி. சாலை, பாலம், கட்டடம் போன்ற மூலதனச் செலவும் கடன் கொடுக்கல் வாங்கலும் சேர்ந்தால் நிதிப் பற்றாக்குறை ஒரு லட்சம் கோடியைத் தாண்டுகிறது. மாநிலத்தின் மொத்த உற்பத்தியில் அது 3 விழுக்காடு. இந்த அளவுகளுக்கு வரம்பு வைப்பது 2003-இல் மாநிலம் இயற்றிய நிதிப் பொறுப்புடைமைச் சட்டம்.

மாநகராட்சியின் 2025-26 கணக்கில் மொத்தச் செலவு 8,404.70 கோடி. அதில் வருவாய்ச் செலவு 5,214.09 கோடி, மூலதனச் செலவு 3,190.61 கோடி. சம்பளம், குப்பை அள்ளுதல், தெருவிளக்கு மின்கட்டணம், பராமரிப்பு எல்லாம் முதல் தொகையில். உங்கள் தெருவுக்குப் புது வடிகால் வேண்டுமென்றால் அது இரண்டாவது தொகைக்குள் நுழைய வேண்டும். இருக்கிற வடிகாலில் மண் எடுக்க வேண்டுமென்றால் முதல் தொகை போதும், சீக்கிரம் நடக்கும். மனு எழுதும்போது இரண்டையும் ஒரே தாளில் கலக்காதீர்கள். தூர்வாருவதற்கு ஒரு மனு, புது வடிகாலுக்கு இன்னொரு மனு.

சின்ன வேலைக்கு இன்னும் மூன்று வாசல்கள் இருக்கின்றன. கவுன்சிலருக்கு வார்டு மேம்பாட்டு நிதி, 2025-26 பட்ஜெட்டில் 60 லட்சமாக உயர்த்தப்பட்டது. சட்டமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 3 கோடி. நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. வடசென்னை நாடாளுமன்றத் தொகுதிக்குள் திருவொற்றியூர், ஆர்.கே. நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், ராயபுரம் என ஆறு சட்டமன்றத் தொகுதிகள். ஆக, சட்டமன்ற உறுப்பினர் நிதி மட்டும் ஆண்டுக்கு 18 கோடி. அங்கன்வாடிக் கட்டடம், நூலகத்துக்குக் கூரை, உடற்பயிற்சிக் கூடம் மாதிரியான கோரிக்கைகளுக்கு ரிப்பன் மாளிகையைவிட இந்த வாசல்கள் பக்கம்.

படி 4: சபையில் என்ன நடக்கிறது

மக்கள் பிரதிநிதிகள் ஒப்புக்கொள்ளாமல் கருவூலத்திலிருந்து ஒரு ரூபாயும் வெளியே வரக்கூடாது. இதுதான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். மாநில அரசின் வரவெல்லாம் தொகுப்பு நிதியத்தில் சேர்கிறது. சட்டம் இல்லாமல் அதிலிருந்து எடுக்க முடியாது. அரசியலமைப்பின் 202-ஆவது பிரிவு ஆண்டு நிதிநிலை அறிக்கையைச் சட்டமன்றத்தில் வைக்கச் சொல்கிறது. அடுத்தடுத்த பிரிவுகள் வாக்கெடுப்பையும் நிதி ஒதுக்கச் சட்டத்தையும் பற்றிப் பேசுகின்றன.

நிதியமைச்சர் உரை வாசிப்பது தொடக்கம் மட்டுமே. பொது விவாதம் சில நாள் நடக்கும். பிறகு துறை துறையாக மானியக் கோரிக்கை. ஒவ்வொரு துறையும், “எனக்கு இவ்வளவு கொடுங்கள்” என்று சபையிடம் கேட்கும். நம் நகர நிர்வாகமும் குடிநீரும் வருவது கோரிக்கை எண் 34. அன்று துறை அமைச்சர் கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு புத்தகம் வைப்பார். என் கருத்தில் பட்ஜெட் உரையைவிட அந்தப் புத்தகம் நமக்குப் பத்து மடங்கு பயன். எந்தத் திட்டம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்ற விவரம் அதில்தான் கிடைக்கும். எதிர்க்கட்சிகள் வெட்டுத் தீர்மானம் கொண்டுவரலாம். தொகையைக் குறைக்கச் சொல்வது வடிவம், குறையைப் பதிவு செய்வது நோக்கம். உங்கள் சட்டமன்ற உறுப்பினர் எந்தக் கட்சியானாலும் கோரிக்கை எண் 34-க்கு முந்தின வாரம் அவரிடம் ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள். பேசுவதற்கு விவரம் அவருக்கும் தேவைப்படுகிறது.

வட்டி, நீதிபதிகள் சம்பளம் மாதிரியான செலவுகள் வாக்கெடுப்புக்கு வராது. விவாதிக்கலாம், மறுக்க முடியாது. கோரிக்கைகள் நிறைவேறிய பிறகு நிதி ஒதுக்க மசோதா சட்டமாகும். இதெல்லாம் முடிய ஏப்ரலைத் தாண்டிவிடும் என்பதால், நடுவில் சம்பளமும் அன்றாடச் செலவும் நிற்காமல் இருக்க முன்பண மானியம் என்று சில மாதத்துக்கு மட்டும் அனுமதி வாங்குவார்கள். தேர்தல் ஆண்டில் இடைக்கால நிதிநிலை அறிக்கை வருவதும் இதற்குத்தான். 2021-இல் பிப்ரவரியில் இடைக்காலம், ஆட்சி மாறியதும் ஆகஸ்டில் திருத்திய அறிக்கை.

மாநகராட்சி மன்றத்தில் 200 கவுன்சிலர்கள். மேயர் புதிய அறிவிப்புகளை வாசிப்பார், வரிவிதிப்பு மற்றும் நிதிக் குழுவின் தலைவர் கணக்கை வைப்பார், விவாதம் முடிந்து மன்றம் ஒப்புதல் தரும். 2016 முதல் 2022 வரை சென்னையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாமல் அதிகாரிகள் நடத்திய காலத்தை நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டுகளிலும் பட்ஜெட் போடப்பட்டது, வேலைகள் நடந்தன. ஆனால் எங்கள் வார்டு சார்பில் எழுந்து நின்று கேட்க ஓர் ஆளில்லை. வடசென்னை அதை உணர்ந்தது.

படி 5: புத்தகத்தை நாலு வரிசையாகப் படியுங்கள்

மாநில பட்ஜெட் புத்தகத்தில் எந்தத் தலைப்பைத் திறந்தாலும் எண்கள் நாலு வரிசையில் நிற்கும். முதலில் முந்தைய ஆண்டின் கணக்கு, அதாவது உண்மையில் செலவானது. அடுத்து, நடப்பு ஆண்டுக்குப் போட்ட மதிப்பீடு. மூன்றாவது, அதே ஆண்டின் திருத்திய மதிப்பீடு. கடைசியில் வரும் ஆண்டின் மதிப்பீடு. பேப்பரில் தலைப்பாக வருவது கடைசி வரிசை மட்டும்.

ஒரு கற்பனைக் கணக்கு: ஒரு திட்டத்துக்கு நடப்பு ஆண்டில் 100 கோடி போட்டிருக்கிறார்கள். திருத்திய மதிப்பீட்டில் 40 என்று இருக்கிறது. அடுத்த ஆண்டுக்கு 110. “10 கோடி கூடுதல் ஒதுக்கீடு” என்று செய்தி வரும். நாம் கேட்க வேண்டியது 100 ஏன் 40 ஆனது என்பதை. நிலம் கிடைக்கவில்லையா, டெண்டருக்கு ஆள் வரவில்லையா, மற்ற துறையின் அனுமதி நிற்கிறதா? விடை கிடைத்தால்தான் அடுத்த ஆண்டின் 110 நிஜமா என்று தெரியும். அதனால் நான் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் விரலை முதலில் மூன்றாவது வரிசையில்தான் வைக்கிறேன்.

நமக்கு நேரடியாகப் பொருந்தும் உதாரணம் வடசென்னை வளர்ச்சித் திட்டம். 2023-24 நிதிநிலை அறிக்கையில் மூன்று ஆண்டுகளில் 1,000 கோடி என்று அறிவித்தார்கள். 2024 மார்ச் 14 அன்று தங்கசாலையில் தொடங்கியபோது மதிப்பு 4,181 கோடி. சி.எம்.டி.ஏ. என்ற சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், மாநகராட்சி, குடிநீர் வாரியம், மின்வாரியம் என்று பல துறைகளின் வேலைகளை ஒரு குடைக்குள் கொண்டுவந்ததால் தொகை அப்படிக் கூடியது. இந்த 4,181 கோடியை எந்த ஒரு பட்ஜெட் புத்தகத்திலும் ஒரே வரியில் தேடாதீர்கள். துணைமின் நிலையம் மின்வாரியக் கணக்கில் இருக்கும், கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியக் கணக்கில், குடியிருப்பு வீட்டுவசதித் துறையில். உங்கள் பகுதியில் எந்த வேலை என்று முதலில் பிடியுங்கள், பிறகு அந்தத் துறையின் புத்தகத்துக்குப் போங்கள்.

படி 6: ஒப்புதலுக்குப் பிறகுதான் நீண்ட பயணம்

இட்லிக்கடை அக்காவுக்கான பதில் இங்கேதான் இருக்கிறது.

பட்ஜெட்டில் தொகை வந்துவிட்டாலும் வேலை தொடங்காது. முதலில் நிர்வாக அனுமதி வேண்டும்: இந்த வேலையை இவ்வளவு ரூபாயில் செய்யலாம் என்ற அரசாணையோ மன்றத் தீர்மானமோ. பிறகு பொறியாளர்கள் விரிவான மதிப்பீடு தயாரிக்கிறார்கள். மண் என்ன, ஆழம் எவ்வளவு, கம்பி எத்தனை கிலோ, கான்கிரீட் எத்தனை கன மீட்டர் என்று விலைப்பட்டியலை வைத்துக் கூட்டுகிறார்கள். அதற்குத் தொழில்நுட்ப அனுமதி. அதன் பிறகே டெண்டர். தமிழ்நாட்டில் 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி விளம்பரம் செய்து, குறித்த நாளில் திறந்து, தகுதி பார்த்து, விலை பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஆள் முடிவானதும் பணி ஆணை. ஜல்லி லாரி வருவது அதற்கும் பிறகு. அதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் தோண்டக்கூடாது என்று நிறுத்திவிடுவார்கள். மார்ச்சில் அறிவித்த வடிகால் அடுத்த ஜனவரியில் தொடங்குவதற்கு ஊழல்தான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு மேசையிலும் இரண்டு மாதம் தங்கினாலே அப்படி ஆகிவிடும்.

அதனால் அலுவலகத்தில், “எப்ப சார் வேலை ஆரம்பிக்கும்?” என்று கேட்காதீர்கள். “நிர்வாக அனுமதி ஆயிடுச்சா? எஸ்டிமேட் எந்த டேபிள்ல இருக்கு?” என்று கேளுங்கள். முதல் கேள்விக்குச் சிரிப்பு வரும். இரண்டாவதற்குக் கோப்பு எண் வரும்.

வேலை நடக்கும்போது பணம் எம்-புக் வழியாகத்தான் போகிறது. எம்-புக் என்றால் அளவுப் புத்தகம். உதவிப் பொறியாளர் இடத்தில் நின்று அளந்து, எண்ணிக்கை, நீளம், அகலம், ஆழம் என்று ஒவ்வொரு வரியாக எழுதுவார். மேலதிகாரி சரிபார்ப்பார். அதை வைத்தே ஒப்பந்ததாரருக்கு பில்.

எங்கள் பக்கத்துத் தெருவில் வடிகால் முடிந்ததும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எம்-புக்கைப் பார்க்க விண்ணப்பித்தோம். ஒரு சின்ன அறையில் மர மேசைமேல் புத்தகத்தைத் திறந்து வைத்தார்கள். கார்பன் நீலத்தில் நெருக்கமான எழுத்து. நாங்கள் டேப் பிடித்து அளந்துவைத்த நீளம் சரியாக இருந்தது. அகலமும் சரி. நாலாவது பக்கத்தில் வண்டல் சேகரிக்கும் தொட்டி 6 என்று இருந்தது. தெருவில் நாங்கள் எண்ணியது 5. தங்கச்சி ஒருத்தி, எங்கள் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள், மறுபடி தெருவுக்குப் போய் மூடிகளைத் தொட்டுத் தொட்டு எண்ணிவிட்டு போன் செய்தாள்: “அண்ணா, அஞ்சுதான். நல்லா பாத்துட்டேன்.” எழுதிக் கொடுத்தோம். இரண்டு வாரத்தில் ஆறாவது தொட்டிக்குக் குழி தோண்டினார்கள். அந்தத் தொட்டி இல்லாமலிருந்தால் பால் பூத் முனையில் மண் அடைத்து முழு வடிகாலும் வீணாகியிருக்கும்.

இதில் யாரும் சண்டை போடவில்லை. எண்ணினோம், எழுதிக் கொடுத்தோம்.

மார்ச் மாதத்தைத் தனியாகக் கவனியுங்கள். செலவாகாத ஒதுக்கீடு மார்ச் 31-உடன் பொதுவாகக் காலாவதியாகிவிடும். அதனால் கடைசி வாரங்களில் அவசர அவசரமாகச் சாலை போடுவதைப் பார்க்கலாம். அப்போது தரம் குறைய வாய்ப்பு அதிகம். உங்கள் தெருவில் மார்ச்சில் வேலை நடந்தால் ஒருவர் அங்கேயே இருங்கள்.

படி 7: ஆண்டின் நடுவே வரும் மாற்றங்கள்

பட்ஜெட் போட்ட பிறகு புயல் வந்தால்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தது. வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்தது. வெள்ள நிவாரணமாகக் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. எண்ணெயால் பாதித்த எண்ணூர் பகுதிக்குத் தனியாக 8.68 கோடி: 2,301 மீனவர் குடும்பங்களுக்குத் தலா 12,500, மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500, 787 படகுகளுக்குத் தலா 10,000. அந்த ஆண்டு பட்ஜெட் போட்டபோது இப்படி ஒரு செலவு யாருக்கும் தெரிந்திருக்காது.

இத்தகைய செலவுக்கு மாநிலப் பேரிடர் நிதி இருக்கிறது. அதில் ஒன்றிய அரசு 75, மாநிலம் 25 என்ற விகிதம். உடனடித் தேவைக்கு எதிர்பாராச் செலவு நிதியத்திலிருந்து எடுத்துவிட்டுப் பிறகு சபையின் ஒப்புதலோடு நிரப்பலாம். பொதுவான கூடுதல் செலவுகளுக்குத் துணை மதிப்பீடு என்று அரசு மறுபடி சட்டமன்றத்துக்கு வரும். ஒரே கோரிக்கைக்குள் ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது மறு ஒதுக்கீடு. அதற்கு நிதித் துறையின் விதிகள் உண்டு. துணை மதிப்பீட்டுப் பட்டியல் செய்திகளில் ஓரத்தில்தான் வரும். படியுங்கள்.

படி 8: செலவான பிறகு யார் பார்க்கிறார்கள்

மாநிலக் கணக்கைத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் தணிக்கை செய்கிறார். அறிக்கை ஆளுநர் வழியாகச் சட்டமன்றத்துக்கு வந்து, பொதுக் கணக்குக் குழுவுக்குப் போகும். அந்தக் குழு அதிகாரிகளை அழைத்து விசாரிக்கும். மாநகராட்சி போன்ற உள்ளாட்சிகளின் கணக்கை உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை பார்க்கிறது. இந்த அறிக்கைகள் தாமதமாக வரும், ஆறிய கஞ்சி மாதிரி தோன்றும். ஆனாலும் தணிக்கையாளர் எழுதிய ஒரு பத்தியை மேற்கோள் காட்டி மனு போட்டால் அதை ஒதுக்கி வைப்பது எந்த அலுவலகத்துக்கும் கடினம்.

படி 9: நம் கையில் உள்ள கருவிகள்

ஏரியா சபை என்று சொல்லப்படும் பகுதி சபைகள் நகரங்களில் 2022 நவம்பர் 1 முதல் கூடத் தொடங்கின. கிராமசபை மாதிரி, கவுன்சிலர் தலைமையில் தெரு மக்கள் பேசும் இடம். எங்கள் பக்கம் முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள் குறைவு. அங்கே சொல்வது பதிவாக வேண்டும், அதுதான் முக்கியம். பேசிவிட்டு வந்துவிடாதீர்கள், குறிப்பேட்டில் எழுதினார்களா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

அடுத்தது தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அல்லது பதில் சரியில்லாவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குப் பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையத்தில் இரண்டாவது. “ஏன் செய்யவில்லை?” என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் அது ஆவணம் இல்லை. நிர்வாக அனுமதி ஆணையின் நகல், மதிப்பீட்டின் நகல், பணி ஆணை, எம்-புக் பக்கங்கள், கடைசி பில் என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். இந்தச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு நடக்கும் பணியையே நேரில் பார்வையிடவும், பயன்படுத்தும் பொருளின் மாதிரியைச் சான்றோடு எடுக்கவும் உரிமை தருகிறது. பலருக்கு இது தெரியாது.

பணி ஆணையின் நகல் கிடைத்தால் அதில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் என்று ஒரு வரி இருக்கும். அந்தக் காலத்துக்குள் வடிகால் பலகை உடைந்தாலோ சாலை பெயர்ந்தாலோ ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். அவருடைய காப்புத் தொகை அதுவரை அலுவலகத்தில் பிடித்துவைக்கப்பட்டிருக்கும். அந்தக் காலம் முடியும் தேதிக்கு இரண்டு மாதம் முன்னால் தெரு முழுக்க ஒருமுறை நடந்து, விரிசல், உடைந்த மூடி, தாழ்ந்த இடம் எல்லாவற்றையும் படமெடுத்து எழுதிக் கொடுங்கள்.

பக்கத்துத் தெரு வடிகாலுக்கு அந்தத் தேதி எங்கள் சங்கக் காலண்டரில் சிவப்பில் வட்டமிட்டிருக்கிறது. எங்கள் தெருவுக்கான எஸ்டிமேட் தொழில்நுட்ப அனுமதிக்குப் போயிருக்கிறது. கோப்பு எண்ணை இட்லிக்கடை அக்கா தன் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். போன வாரம் சாம்பார் ஊற்றிக்கொண்டே கேட்டார்: “டெண்டர் எப்ப தம்பி தொறக்குறாங்க?”